81 நிமிடத்தைப் பார்த்துவிட்டு எழுதலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தனிமையையும் பித்துக் காதலையும் பேசும் தீவிரக் கலைப்படங்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த முழுப்பக்கக் கட்டுரையைப் படித்தோம். திரையரங்குக்கே வராத, வந்தாலும் ஒரு வாரம் நிற்காத படங்களுக்கு ஒரு நாளிதழ் முழுப்பக்கம் கொடுப்பது சாதாரண விஷயமில்லை. கொடுத்த பக்கம் வீணாகிவிட்டதே என்ற ஆதங்கத்தில்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறோம்.

கோளாறு ஒரு எண்ணில் தொடங்குகிறது. ஆந்த்ஜே ஜுவாவ்ஸ்கியின் ‘பொசஷன்’ (1981) படத்தை ‘81 நிமிடம் ஓடும், தலையும் வாலும் தெரியாத கூச்சல்’ என்கிறார் கட்டுரையாளர். படம் 124 நிமிடம். அவர் பார்த்திருப்பது, அமெரிக்காவில் பேய்ப்படமாக விற்பதற்காக வெட்டிக் குறுக்கிய பிரதி. 43 நிமிடத்தை உருவிவிட்டால் தலை எங்கே, வால் எங்கே என்று யாருக்குத்தான் தெரியும்? மேற்கு பெர்லினில், பெர்லின் சுவரை ஒட்டிய ஒரு அடுக்குமாடி வீட்டில், ஒரு திருமணம் கொஞ்சம் கொஞ்சமாக உடைவதுதான் கதை. பூதம் பிறகுதான் வருகிறது. (பூதத்தைச் செய்தவர் கார்லோ ராம்பால்டி. மறு ஆண்டு வெளிவந்த ‘ஈ.டி.’யின் பொம்மையும் அவர் கைவேலைதான்.)

அந்தப் படத்தின் ரயில் சுரங்கப்பாதைக் காட்சியை ‘ரத்தமும் வாந்தியும்’ என்று இரண்டே சொல்லில் முடித்துவிட்டார். கதாநாயகியாக நடித்த இசபெல் அட்ஜானிக்கு அந்த ஆண்டு கான் விழாவில் சிறந்த நடிகை விருது கிடைத்தது; இந்தக் காட்சியைப் பேசாமல் அந்த விருதைப் பேச முடியாது. கவனிக்க வேண்டியது அவள் கையிலிருக்கும் பை. வீட்டுக்குச் சாமான் வாங்கிக்கொண்டு வருகிற பெண் அவள். அந்தப் பையைத்தான் சுவரில் அடிக்கிறாள். பால் சிதறி வழிகிறது. பாதை முழுக்க ஒரு ஈ காக்கை கிடையாது. ஒரே ஒரு பயணி குறுக்கே நடந்து போயிருந்தால் அது ‘பைத்தியம் பிடித்தவளை வேடிக்கை பார்க்கும் காட்சி’யாகியிருக்கும். ஆள் இல்லாததால் அவளுடைய கத்தலுக்கு எதிரொலி மட்டும்தான் பதில்.

பதில். இந்த வகைப் படங்களுக்கான சாவி அந்தச் சொல்லில் இருக்கிறது என்பது எங்கள் கட்சி. இதற்கு வேறு எங்கும் போய்க் கலைச்சொல் தேட வேண்டியதில்லை. கைக்கிளைக்கு, அதாவது ஒருதலைக் காமத்துக்கு, தொல்காப்பியம் சொல்லும் குறி, ‘சொல்லெதிர் பெறாஅன் சொல்லி இன்புறல்’. எதிர்ச்சொல் வருவதில்லை, வராமலேயே சொல்லிச் சொல்லி மகிழ்வது. பொருந்தாக் காமமான பெருந்திணையின் குறிகளில் ஒன்று ‘தேறுதல் ஒழிந்த காமத்து மிகுதிறம்’. தெளிவெல்லாம் போன பிறகும் அடங்காத காமம். முன்னதிலிருந்து பின்னதற்கு ஒரு மனிதர் எப்படி வழுக்கி விழுகிறார் என்பதைத்தான் இந்தப் படங்கள் எடுத்துக் காட்டுகின்றன. எதைக் கொண்டு காட்டுகின்றன என்றால் அறை, சத்தம், காத்திருக்கும் நேரம். ரத்தம் கடைசியில் வரும் உருப்படி.

பிரெஞ்சு எழுத்தாளர் ழான் ஜெனே எடுத்த ஒரே படமான ‘அன் ஷான் தமூர்’ (1950) இதற்குத் தலைமகன். சுமார் 26 நிமிடம். வசனமில்லை, ஒலியே இல்லை. அடுத்தடுத்த சிறையறைகளில் இரண்டு கைதிகள், நடுவில் கெட்டிச் சுவர், சுவரில் ஒரு சின்னத் துளை. ஒருவன் அந்தத் துளைக்குள் வைக்கோல் தண்டு ஒன்றைச் செருகுகிறான். சிகரெட்டை இழுத்து, தண்டின் முனையில் வாய் வைத்துப் புகையை உள்ளே ஊதுகிறான். மறுபுறம் தண்டின் நுனியிலிருந்து புகை கசிகிறது. அங்கே இருப்பவன் முதலில் கண்டுகொள்வதில்லை. பிறகு கண்ணை மூடி, வாயைத் திறந்து வாங்கிக்கொள்கிறான். சுவருக்கு இப்பால் இருக்கும் இவன் முகத்தை அவனால் பார்க்க முடியாது. வெளியே ஒரு ஜன்னல் கம்பியிலிருந்து ஒரு கை பூங்கொத்தை ஆட்டி ஆட்டி வீசுகிறது. பக்கத்து ஜன்னலில் நீண்டிருக்கும் கைக்கு அது எட்டாமல் எட்டாமல் போய், கடைசியில்தான் பிடிபடுகிறது. காவலன் கதவின் துளை வழியே எல்லாவற்றையும் பார்க்கிறான். பித்து யாருக்கு என்று கேட்டால், உள்ளே இருக்கும் இருவரைவிட அவனுக்குத்தான். அவனுக்குப் புகைகூடக் கிடைப்பதில்லை. கலிபோர்னியா நீதிமன்றங்கள் இந்தப் படத்தை ஆபாசம் என்றன. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1967-ல் அதை உறுதி செய்தது. இன்றைக்கு அருங்காட்சியகங்களில் ஓடுகிறது.

இதைத் திரையிடுகிறவர்கள் செய்யும் முதல் தப்பு, சத்தமே இல்லையே என்று பதறிப்போய் ஒரு பியானோவைச் சேர்ப்பது. பியானோ வந்தவுடன் துளையின் இரு புறத்துக்கும் ஒரே இசை கேட்கிறது. சுவர் இடிந்துவிட்டது என்று அர்த்தம். ஒலியைச் சுழியத்தில் வைத்து ஓட்டுங்கள். பார்வையாளர் நாற்காலி கிரீச்சிடுவதும் யாரோ இருமுவதும் கேட்கட்டும்.

தகாஷி மீகேயின் ‘ஆடிஷன்’ (1999) நிலத்தடிப் படம் கிடையாது, முறையாக விநியோகமான படம்தான். ஆனாலும் கட்டுரையில் அதன் கடைசிக் கால் மணி நேரத்தை மட்டும் எழுதியிருப்பதால் சொல்ல வேண்டியிருக்கிறது. மனைவியை இழந்த ஒருவர், இல்லாத ஒரு படத்துக்கு நடிகை தேர்வு நடத்தி அதில் தனக்கு மனைவி தேடுகிறார். ஆளைப் பார்ப்பதற்கு முன்பே விண்ணப்பத் தாளைப் படித்து மயங்கிவிடுகிறார். கைக்கிளை முதலில் அவருடையது; இதைக் கட்டுரையாளர் கவனிக்கவில்லை. பிறகு ஒரு காட்சி: ஏறத்தாழ வெறுமையான ஒரு அறை. தரையில் அந்தப் பெண் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருக்கிறாள், முடி முகத்தை மூடியிருக்கிறது. ஒரு தொலைபேசி. பின்னால் ஒரு கோணி மூட்டை. மணி அடிக்கிறது. மூட்டை துள்ளிப் புரள்கிறது.

இந்தக் காட்சியைக் கணினியில் சின்ன ஒலிபெருக்கியில் பார்த்தவர்கள் மூட்டையைப் பற்றி மட்டுமே பேசுவார்கள். நல்ல ஒலியில் பார்த்தவர்கள் மணிக்கு முந்தைய அமைதியைப் பற்றிப் பேசுவார்கள். அவள் எவ்வளவு நேரமாக, எத்தனை நாளாக அப்படியே உட்கார்ந்திருக்கிறாள் என்ற கேள்வி அந்த அமைதியில்தான் எழுகிறது. தொலைபேசி அருகில் உட்கார்ந்திருப்பதை எல்லோரும் செய்திருக்கிறோம். அதனால்தான் அது அடிவயிற்றைக் கலக்குகிறது.

அறையைப் பற்றிச் சொல்வதென்றால் ஷாந்தால் ஆகெர்மனின் ‘ஜ த்யு இல் எல்’ (1974) இல்லாமல் முடியாது. ரத்தம் ஒரு துளி கிடையாது என்பதால் அதிர்ச்சிப் படங்களுக்குப் பட்டியல் போடுகிறவர்கள் யாரும் இதைத் தொடுவதில்லை. கறுப்பு வெள்ளை, 86 நிமிடம், நடிப்பதும் இயக்குநரே. படத்தின் முதல் பகுதியில் ஒரு பெண் ஒரு அறையில் அடைந்து கிடக்கிறாள். மேசை நாற்காலியை வெளியே தள்ளுகிறாள், மெத்தையை இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் இழுக்கிறாள், கடிதம் எழுதுகிறாள், எழுதியதை அடித்துவிடுகிறாள், மறுபடி எழுதுகிறாள், பையில் இருக்கும் சர்க்கரையைக் கரண்டியால் அள்ளி அள்ளித் தின்கிறாள். பின்னணிக் குரல் சாமான்களுக்கு நீலம் அடித்ததாகவும் பிறகு பச்சை அடித்ததாகவும் சொல்கிறது. படமோ கறுப்பு வெள்ளை! குரல் ஒன்று சொல்ல, உருவம் வேறொரு நேரத்தில் அதைச் செய்கிறது, சில சமயம் செய்வதே இல்லை. தனியாக இருப்பவருக்குத் தன் பேச்சே தன்னோடு ஒட்டாமல் போவதை இதைவிடக் குறைந்த செலவில் யாரும் காட்டியதாகத் தெரியவில்லை.

நகிசா ஒஷிமாவின் 1976-ஆம் ஆண்டுப் படமான ‘இன் தி ரெல்ம் ஆஃப் தி சென்சஸ்’ இதற்கு நேர் எதிர்த் திசையில் போய் அதே இடத்துக்கு வருகிறது. அங்கே அறையில் ஒரு ஆணும் ஒரு பெண்ணும், பிரியவே மனமில்லை. 1936-ல் டோக்கியோவில் காதலனைக் கொன்ற அபே சாதா என்ற பெண்ணின் வழக்குதான் மூலக்கதை. ஜப்பானியச் சட்டத்துக்குப் பயந்து, படமாக்கிய பிலிமைக் கழுவாமலேயே பிரான்சுக்கு அனுப்பி, அங்கே கழுவி, அங்கேயே தொகுத்தார்கள். திரைக்கதையும் நிழற்படங்களும் அடங்கிய புத்தகத்துக்காக ஒஷிமா மீது வழக்கு வந்தது; விடுதலை ஆனார், 1982-ல் மேல்முறையீட்டிலும் அது நின்றது. உடல் காட்சிகளைப் பற்றி எழுதிய கட்டுரையாளர் விட்டுவிட்டது இது: அறை நாறுகிறது என்று பணிப்பெண்கள் முகம் சுளிக்கிறார்கள். ஒருமுறை அவன் தெருவில் போகும்போது எதிரே ராணுவ அணிவகுப்பு வருகிறது, ஓரத்தில் மக்கள் கொடி ஆட்டுகிறார்கள், அவன் மட்டும் சுவரை ஒட்டி எதிர்த் திசையில் நடக்கிறான். இருவர் சேர்ந்திருந்தும் ஊரே இல்லாமல் போகிற தனிமை அது.

யோர்க் புட்கெரைட்டின் படங்களைப் பற்றித்தான் கட்டுரை அதிகம் எழுதியிருக்கிறது, அதிகம் தப்பாகவும் எழுதியிருக்கிறது. ‘நெக்ரோமான்டிக்’ (1987), அதன் இரண்டாம் பாகம் (1991), ‘ஷ்ராம்’ (1993) மூன்றும் பெர்லின் படங்கள். முதல் படத்தின் நாயகன் விபத்து நடந்த இடங்களைச் சுத்தம் செய்யும் கம்பெனி ஊழியன். ஒரு பிணத்தை வீட்டுக்குக் கொண்டுவருகிறான். வேலை போகிறது. காதலி கோபித்துக்கொண்டு வெளியேறுகிறாள், போகும்போது பிணத்தையும் எடுத்துக்கொண்டு போகிறாள். விவாகரத்தில் பாத்திரம் பண்டம் பிரிப்பது மாதிரி! இந்தக் கசப்பான சிரிப்பைப் பிடிக்காமல் படத்தைப் பிடிக்க முடியாது. வேலையும் போய், துணையும் போய், பதில் பேசாத பொருள்கூடக் கையை விட்டுப் போனவன் கதை.

இரண்டாம் பாகத்தில் ஒரு பெண், உயிரோடு இருக்கும் ஒருவனுக்கும் தோண்டி எடுத்த ஒருவனுக்கும் நடுவே தவிக்கிறாள். உயிரோடு இருப்பவனின் தொழில் என்ன? நீலப் படங்களுக்கு முக்கல் முனகல் டப்பிங் பேசுவது. அடுத்தவர் வாயசைவுக்குப் பதில் சத்தம் போட்டே பிழைக்கிறவன், அவளுக்கோ சத்தம் போடாதவன்தான் வேண்டியிருக்கிறது. 1991 ஜூனில் மியூனிக்கில் காவல் துறை இந்தப் படத்தைப் பறிமுதல் செய்தது. 1993-ல் கலைப்படைப்பு என்று ஏற்கப்பட்டு விடுவிக்கப்பட்டது. ‘ஷ்ராம்’ ஒரு டாக்சி ஓட்டுநர். பல கொலை செய்தவன் சாவது எப்படி? ரத்தக் கறை தெரியாமலிருக்கப் பெயிண்ட் அடிக்க ஏறிய ஏணியிலிருந்து விழுந்து. பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் மனதைச் சொல்ல அவனுக்கு வாய் வருவதேயில்லை.

‘நெக்ரோமான்டிக்’ முதல் பாகத்துக்குக் கட்டுரை தந்த ‘மட்டமான படப்பதிவு’ என்ற வரிக்கு வருவோம். அது சூப்பர் 8 என்ற, 8 எம்எம் அகல வீட்டு உபயோகப் பிலிமில் எடுத்தது. ஒரு சூப்பர் 8 பிலிம் கூட்டில் 50 அடி, 3,600 ஃபிரேம். நொடிக்கு 18 ஃபிரேம் என்றால் 3 நிமிடம் 20 நொடி ஓடும். 24 என்றால் இரண்டரை நிமிடம்தான். 75 நிமிடப் படத்துக்கு 24-ல் ஓட்டினால் ஒன்றுகூட வீணாகாமல் 30 கூடு வேண்டும். ஒவ்வொரு ஷாட்டையும் மூன்று முறை (டேக்) எடுத்தால் 90. ஃபிரேமின் பரப்பு 16 எம்எம்மில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. அதைப் பெரிய திரைக்கு ஏற்றும்போது பிலிமின் மணிகள் எறும்புப் புற்றுபோல நெளியும். நெகட்டிவ் இல்லாமல் நேரடியாகப் படம் விழும் ரிவர்சல் பிலிம் வேறு. வெளிச்சம் ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைவது என்றால் வெளிச்சம் பாதியாவது) குறைந்தாலே நிழல் பகுதி மொத்தமாகக் கறுத்துப்போகும். அறையின் மூலைகள் இருட்டாக இருப்பது பாதி திட்டம், பாதி பிலிமின் குணம்.

கேமரா மோட்டார் கடகடவென்று சத்தம் போடுவதால் பெரும்பாலும் ஒலியைப் பிறகுதான் சேர்ப்பார்கள். சேர்க்கும்போது பேச்சையும் காலடியையும் மட்டும் வைத்து, அறையின் சொந்த ஒலியை வைக்காவிட்டால் சொற்களுக்கு நடுவே ஒலி அதலபாதாளத்தில் விழும். வணிகப் படத்தில் இது குறை. பதில் வராத ஒருவனின் வீட்டைக் காட்டும்போது இதே குறை காற்றில்லாத பெட்டிக்குள் இருக்கும் உணர்வைத் தருகிறது. ‘மட்டம்’ என்று எழுதும் முன் இதையும் யோசித்திருக்கலாம்.

‘குடம் குடமாக ரத்தம்’ என்ற புகழுக்கும் ஒரு தொழில்நுட்பக் காரணம் உண்டு. இந்தப் படங்கள் பல ஆண்டுகள் கைக்குக் கை மாறிய விஎச்எஸ் நாடாவில்தான் சுற்றின. விஎச்எஸ் வெளிச்ச விவரத்தைச் சுமார் 240 வரி அளவுக்குத் தாங்கும். நிற விவரத்தை 40 வரி அளவுக்குத்தான். அதிலும் சிவப்பு எல்லை தாண்டி வழியும். நாடாவிலிருந்து நாடாவுக்கு மூன்று முறை நகலெடுத்தால் சட்டைப் பையில் விழுந்த பொட்டு மார்பு முழுக்கப் பரவியதுபோலத் தெரியும். அந்த நகல்களைப் பார்த்து எழுதிய பழைய குறிப்புகளிலிருந்து எடுத்து எழுதினால் இப்படித்தான் ஆகும்.

பிரதி விஷயத்தில் இன்னும் இரண்டு கோளாறு அடிக்கடி நடக்கிறது. சதுரத்தை ஒட்டிய பழைய 4:3 சட்டகத்தை அகலத் திரைக்கு இழுத்து நிரப்புவது: உருவம் மூன்றில் ஒரு பங்கு அகலமாகிவிடும். ஒடுங்கிய அறையில் நெருக்கிக்கொண்டிருந்தவர் சப்பட்டையாகி, சுவர்கள் விலகிப்போகும். படத்தின் வேலையே கெட்டது. இரு பக்கமும் கறுப்பாகவே இருக்கட்டும். அடுத்தது, 18 ஃபிரேமில் எடுத்த குறும்படத்தை 24-ல் ஓட்டுவது. 10 நிமிடம் ஏழரை நிமிடமாகும், காத்திருப்பவர் துறுதுறுவென்று சார்லி சாப்ளின் மாதிரி நடப்பார். ஒலியளவைப் பொறுத்தவரை, திரையரங்கின் அளவுகோலான 85 டெசிபலைச் சின்ன அறையில் வைத்தால் காது கிழியும். 78, 79 போதும். அலறலை வைத்து ஒலியைத் திருகாதீர்கள். படத்தில் மிக மெல்லிய பேச்சு கடைசி வரிசைக்குக் கேட்கிறதா என்று பாருங்கள், அங்கே நிறுத்துங்கள்.

முன்னெச்சரிக்கை அறிவிப்பு கோழைத்தனம் என்கிறது கட்டுரை. காஸ்பர் நோயே தன் 1998-ஆம் ஆண்டுப் படமான ‘ஐ ஸ்டாண்ட் அலோன்’ நடுவே, வெளியேற 30 நொடி இருக்கிறது என்று திரையிலேயே எழுத்துப் போட்டு எண்ணிக் காட்டினார். எச்சரிக்கையும் படத்தின் பகுதியாக முடியும். ‘அதிர்ச்சிக் காட்சிகள் உண்டு’ என்ற பொது வாசகத்தால் யாருக்கும் பயனில்லை. தற்கொலை, கட்டாய உடலுறவு, விலங்கு நிஜமாகவே கொல்லப்படுவது என்று பெயர் சொல்லி எழுத வேண்டும். வெளியே போகும் வழியில் மங்கலான விளக்கு எரியட்டும். போகிறவரைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்காமல் இருப்பது மற்றவர்கள் பொறுப்பு.

விலங்கு என்றதும் நாங்கள் வக்காலத்து வாங்காத இடமும் சொல்லிவிட வேண்டும். ‘நெக்ரோமான்டிக்’கில் ஒரு முயல் கொல்லப்படுவது நிஜம். கிம் கி-டுக்கின் ‘தி ஐல்’ (2000) படத்தில் உயிருள்ள மீனுக்கு நடப்பதும் நிஜம். பிரிட்டனில் அதற்காக வெட்டச் சொன்னார்கள். தனிமையைச் சொல்ல அது தேவைப்பட்டது என்ற வாதம் எடுபடாது. ஃபாஸ்பிண்டரின் ‘இன் எ இயர் ஆஃப் 13 மூன்ஸ்’ (1978) படத்திலும் மாடு வெட்டும் காட்சி உண்டு. அது ஓடிக்கொண்டிருந்த கசாப்புக்கூடம், கேமரா போகாவிட்டாலும் அன்றைக்கு அது நடந்திருக்கும். அந்தக் காட்சியின் மேல் கதாநாயகி எல்விரா நிதானமாகப் பேசிக்கொண்டே போகிறாள். ‘நீ பெண்ணாக இல்லாமல் போனாயே’ என்று ஒருவன் போகிறபோக்கில் சொன்ன ஒரு வார்த்தைக்காக உடலையே மாற்றிக்கொண்டவள் அவள். சொன்னவனுக்கு அது பெரிய விஷயமாகவே இல்லை. கடைசியில் அவள் குரல் ஒலிநாடாவில் ஓடிக்கொண்டிருக்கும்போது, கேட்க வேண்டியவர்கள் மாடிப்படி ஏறி வருகிறார்கள். கட்டுரையில் இந்தப் படம் ஒரு வரிகூடப் பெறவில்லை.

பித்துக் காதலை இந்தப் படங்கள் புகழ்கின்றனவா என்ற கேள்வி நியாயமானது. சில புகழத்தான் செய்கின்றன. நாங்கள் பார்க்கும் சோதனை எளிது: விரும்பப்படுகிறவர் மட்டும், விரும்புகிறவர் கண்ணில் படாமல், தனியாக இருக்கும் ஷாட் எத்தனை? அவருக்கென்று ஒரு வேலை, ஒரு சலிப்பு, ஒரு சாப்பாட்டு நேரம் இருக்கிறதா? ஒன்றுகூட இல்லையென்றால் இயக்குநரும் துரத்துகிறவனோடு சேர்ந்து ஓடுகிறார் என்று அர்த்தம். இந்தக் கணக்கில் தோற்கும் ‘காதல் படங்கள்’ வணிக சினிமாவில்தான் அதிகம் தேறும். அவற்றில் ரத்தம் இல்லாததால் யாரும் எச்சரிக்கை கேட்பதில்லை.

கட்டுரை முடிவில் இளைஞர்களை இப்படிப்பட்ட குறும்படம் எடுக்க அழைத்திருக்கிறீர்கள். நல்லது. எடுப்பவர்கள் ரத்தத்தில் தொடங்கி ரத்தத்திலேயே மாட்டிக்கொள்கிறார்கள், அதனால் அதை முதலில் முடித்துவிடுவோம். 1 லிட்டர் கார்ன் சிரப் (சோளப் பாகு), 200 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர், 25 மில்லி சிவப்பு உணவு நிறமி, நீலம் நாலைந்து சொட்டு, கோக்கோ தூள் 2 மேசைக்கரண்டி. கோக்கோவைத் தண்ணீரில் தனியாகக் கரைத்துவிட்டுச் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் கட்டி தட்டும். நீலமும் கோக்கோவும் சேராவிட்டால் விளக்கு பட்டதும் ரோஸ் பால் மாதிரி தெரியும். துணியில் ஊறி வழுக்க வேண்டுமென்றால் பாத்திரம் தேய்க்கும் திரவம் சில சொட்டு விடலாம், வாயில் படும் கலவையில் மட்டும் கூடாது. கறுப்பு வெள்ளையில் எடுக்கிறவர்களுக்கு இந்தப் பாடே இல்லை, சாக்லேட் சிரப் போதும். எதுவானாலும் எறும்பு வரும்.

கழுத்தை நெரிக்கும் காட்சியில் நெரிபடுகிறவர் கையில்தான் கட்டுப்பாடு இருக்க வேண்டும். நெரிப்பவரின் உள்ளங்கை காறையெலும்பின் மேல் படிந்திருக்கும், தொண்டையில் விரல் அழுத்தாது. நெரிபடுகிறவர் அந்த மணிக்கட்டுகளைப் பிடித்துத் தன் பக்கம் இழுப்பார், நெரிப்பவர் வெளியே இழுப்பார். நரம்பு புடைப்பது அந்த இழுபறியில். இரண்டு தட்டு தட்டினால் நிறுத்தம் என்று முன்பே பேசிக்கொள்ள வேண்டும். ‘நிறுத்து’ என்று கத்துவது நடிப்பென்று நினைத்துவிடுவார்கள். உடல் நெருக்கக் காட்சி என்றால் எந்த இடத்தைத் தொடலாம், எத்தனை டேக் என்று எழுதி வைத்துக்கொண்டு, வேலை இல்லாதவர்களை வெளியே அனுப்பிவிட்டு எடுக்க வேண்டும். ‘உணர்ச்சி வேகத்தில் நடந்துவிட்டது’ என்று பிறகு சொன்னால் செல்லாது.

இவ்வளவும் சரியாகச் செய்தும் படம் தனிமையைத் தராமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒலிதான். பேச்சைப் பதிவு செய்யும்போது ஃபிரிட்ஜை அணைத்துவிடுவார்கள், சரி. (மறுபடி போட மறக்காமலிருக்க வண்டிச் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைப்பது ஒலிப்பதிவாளர்களின் பழைய தந்திரம், சாவி இல்லாமல் வீட்டுக்குப் போக முடியாதல்லவா.) ஆனால் தனியாக இருப்பவர் வீட்டில் இரவு முழுக்கக் கேட்பது அந்த ஃபிரிட்ஜ் ஒன்றுதான். பேச்சு முடிந்ததும் அதைப் போட்டு, எல்லோரும் அசையாமல் நின்று, 60 நொடி தனியாகப் பதிவு செய்யுங்கள். அணைத்த அறையின் வெறும் ஒலியும் 60 நொடி வேண்டும். தொகுப்பில் ஃபிரிட்ஜ் ஒலியைப் பேச்சுக்கு வெகு கீழே படுக்க வைத்து, ஒரு கட்டத்தில் அது தானாக நிற்கும்போது அதையும் நிறுத்துங்கள். அந்த நொடியில்தான் பார்க்கிறவருக்கு அறை காலியாக இருப்பது உறைக்கும். பிறகு, நடிகர் சட்டகத்தை விட்டுப் போனதும் உடனே கட் செய்யாமல் 10 நொடி விட்டு வையுங்கள். தொகுப்பு மேசையில் 10 நொடி யுகமாகத் தெரியும், கை தானாக வெட்டப் போகும். 6 நொடிக்குக் குறைக்கலாம், 2 நொடி ஆக்கினால் அது ஆள் வெளியே போவதை மட்டும் காட்டும் வெறும் வாசற்படி.

ஒரு வேண்டுகோள். இனி இந்தப் பக்கத்தில் படங்களைப் பற்றி எழுதும்போது பெயரோடு இயக்குநர், ஆண்டு, பார்த்த பிரதியின் நீளம் மூன்றையும் அச்சிடுங்கள். ‘பொசஷன்’ பற்றிய திருத்தத்தில் 124 என்று போடுங்கள். தன்னிடமுள்ள டிவிடியில் 119 நிமிடம்தான் இருக்கிறது என்று வாசகர் யாராவது எழுதினால் பயப்பட வேண்டாம், அது வெட்டுப்பட்ட பிரதியாக இருக்க வேண்டியதில்லை. நொடிக்கு 24 ஃபிரேமில் எடுத்ததை 25-ல் ஓட்டும் ஐரோப்பிய வீடியோ முறையில் 5 நிமிடம் குறையும். குரல்கள் மட்டும் அரைச்சுரத்துக்குச் சற்றுக் குறைவாக ஏறியிருக்கும்.

இப்படிக்கு,
திரையிடல் பணியில் இருக்கும் வாசகர்கள்